பெண்களில் முதலிடம்

டிசம்பர் பிறந்துவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. 'ஆண்டின் சிறந்த பத்துப் பாட்டு' என்று கைப்பேசியில் வந்து விழும் பட்டியல்களைத் திறக்காமல் இருக்கவும் முடியாது, திறந்தால் எரிச்சல் வராமலும் இராது. எல்லாம் மாமாவால் வந்த வினை.

மாமாதான் எங்கள் தேயிலைத் தோட்டத்து இசை விமர்சகர். யூடியூபில் பாடும் மலைநாட்டுப் பிள்ளைகளை வருடக் கடைசியில் வரிசைப்படுத்தி இளைஞர் மன்றச் சுவரில் ஒட்டுவார். அதைப் பார்த்துத்தான் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா மேடைக்கு முதல் மூன்று பேரை அழைப்பார்கள். அந்த வருடம் அக்காவின் பாட்டுக் கேட்காத லயத்து வீடு இல்லை. கொழுந்து பறித்துக்கொண்டே அவளாகக் கட்டிய மெட்டு. மேடை கிடைத்தால் பாடட்டும், இல்லையென்றால் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அக்காவுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

பட்டியலை அட்டையில் அழகாக எழுதும் பொறுப்பு ஒன்பது வயதுக்காரியான என்னுடையது. ஆண்களுக்கெல்லாம் மூச்சு, தாளம், கற்பனை என்று என்னென்னவோ எழுதியிருந்தார் மாமா. மூன்றாவதாக, அக்காவுக்குக் கீபோர்டு வாசித்த அண்ணன். அடுத்து அக்கா: "மஞ்சள் சேலையில் அம்சமாக இருக்கிறார். மெட்டின் பெருமை கீபோர்டு தம்பிக்கே. பெண்களில் முதலிடம்." அடேயப்பா! அந்தச் சேலையை எடுத்துக் கொடுத்ததே நான்தான். அந்த வரிகளைச் சுற்றிப் பூ வரைந்தேன்.

மை காய்வதற்குள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஓடினேன்.

"அக்கா, நீதான் மொதலாவது!"

கூடையும் கையுமாக நின்ற பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். அக்கா சிரித்தாள். பிறகு என்னைத் தனியே இழுத்து, "எனக்கு மேல யாருமே இல்லையாடி?" என்றாள்.

"மூணு ஆம்பளைங்க மட்டுந்தான்க்கா."

அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். அம்மா சண்டைக்குப் போனதற்கு, "பொம்பளப் புள்ளைக்கு நாலாவதே பெரிசு. சேலையப் பத்தி வேற எழுதியிருக்கேனே!" என்றார் மாமா.

சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பிலிருந்து வந்த அக்காவை விடாப்பிடியாக நுவரெலியாவுக்கு இழுத்துப் போனேன். மேடையில் கீபோர்டு அண்ணன் அவளுடைய பாட்டைத்தான் பாடினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவோ அசையாமல் நின்றாள். இவளுக்கென்ன இவ்வளவு பொறாமை என்று நினைத்து, முழங்கையால் இடித்தேன்.

"என்னக்கா, கையத் தட்டேன். நம்ம பாட்டு!"