அக்கா படிப்பாள், தம்பி கணக்குப் போடுவான்

என் தம்பி பெண்டாட்டி சுலோசனாவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் வாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது சும்மா இருக்காது. ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் நான். கை பாட்டுக்கு மிஷினில் ஓடும், வாய் பாட்டுக்கு ஊரில் ஓடும். வரலட்சுமியிடம் அளவு கொடுக்கப் போனால் அறிவுரையும் வாங்கிக்கொண்டு வரலாம் என்று ஆந்திர எல்லையில் எங்கள் சத்தியவேடு பக்கத்தில் பேச்சு. இந்தக் கதையில் நடந்த கெடுதலுக்கும் அந்த வாய்தான் காரணம். ஆனால் அது எனக்கே கடைசியில்தான் தெரிந்தது.

எங்களுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். தம்பி திருமலை ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறான். சுலோசனாவும் அங்கேதான் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டு. பெரியவள் யாமினி, சின்னவன் கிஷோர். கிஷோருக்கு நாலரை வயதில் வலிப்பு வந்தது, அதுவும் பள்ளிக்கூடத்தில். முதலில் இடது கண் இமை துடிக்கும், அப்புறம் சாய்ந்துவிடுவான். ஒவ்வொரு முறையும் டீச்சர்கள் பயந்துபோய், மேல் வகுப்பில் இருந்த யாமினியைத்தான் ஓடிப்போய் இழுத்து வருவார்கள். ஆறரை வயதுக் குழந்தை தம்பியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும். மூன்றாவது முறைக்குப் பிறகு, சரியாகிற வரை கூட்டி வர வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். தம்பி இல்லாமல் நானும் போகமாட்டேன் என்று யாமினி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சுலோசனா வேலையை விட்டாள். "ரெண்டு பேருக்கும் நானே வீட்ல சொல்லிக் குடுக்கறேன் அண்ணி" என்றாள்.

நான் சும்மா இருப்பேனா? "நீ இன்னா டீச்சருக்கா படிச்சிக்கீற?" என்றேன். "ஊர்ல நாலு பேரு கேட்டா இன்னா சொல்லுவ?" என்றேன். "அந்தப் புள்ளைய ரொம்பப் படிக்க வெக்காத, தலைக்கு வேலை குடுத்தா திரும்ப இழுத்துக்கும்" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் மறுநாள் காலை மோட்டார் கொட்டகைச் சுவரில் கரி பூசிக் கரும்பலகையாக்கிவிட்டாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் கொட்டகைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சிலேட்டு. ஒன்று போதும், அப்போதுதான் சேர்ந்து படிப்பார்கள் என்பாள். வேர்க்கடலை பிடுங்கும் நாளில் செடிக்கு எத்தனை காய் என்று கிஷோர் எண்ணுவான், யாமினி எழுதுவாள். பால் கேனில் லிட்டர், வரப்பில் மீட்டர், மாமரத்தில் கிளை இலை எல்லாம் பாடம். தெலுங்குப் பாடப் புத்தகத்தை யாமினி சத்தமாகப் படிக்க, கிஷோர் எருமை மாதிரியும் நரி மாதிரியும் நடித்துக் காட்டுவான். சுலோசனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு என் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

எல்லாவற்றையும்விட அவர்களுக்குப் பிடித்தது வெள்ளிக்கிழமை பாடம். அன்று சந்தைக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நிற்பார்கள். திருப்பதி பஸ்ஸில் தெலுங்கு எழுத்து, சென்னை பஸ்ஸில் தமிழ் எழுத்து. பஸ் திருப்பத்தில் தலை காட்டியதும் ஊர்ப் பெயரையும் நம்பரையும் இருவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். ஜெயித்தால் ஆளுக்கொரு கடலை உருண்டை. எப்போதும் ஜெயிப்பார்கள். பெயரை எப்போதும் அவளே படிக்கிறாள், நம்பரை எப்போதும் அவனே சொல்கிறான் என்பது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. கண்ணெதிரே இருப்பது கண்ணில் படாது.

இப்படி இரண்டரை வருடம் ஓடியது. கிஷோருக்கு வலிப்பு வந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. திருப்பதியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, மாத்திரையை நிறுத்தாமல் கொடுங்கள், தாராளமாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். பஸ் ஏறி வீடு வரும் வரை சுலோசனா சிரித்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் கால் வைத்ததும் கவலை பிடித்துக்கொண்டது.

இந்த முறை வேறு பள்ளிக்கூடம். அங்கே பெரிய டீச்சர் ஸ்வர்ணலதா. கண்டிப்பானவர், ஆனால் கொடுமைக்காரர் இல்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேரையும் தனித்தனியாகப் படிக்கவும் கணக்குப் போடவும் சொல்லிப் பார்ப்பேன் என்றார். தேறினால் வயதுக்கு ஏற்ற வகுப்பு, யாமினிக்கு நாலு, கிஷோருக்கு இரண்டு. தேறாவிட்டால் இருவரும் ஒன்றாம் வகுப்பு.

ஒன்பது வயதுப் பெண் ஒன்றாம் வகுப்பில் உட்காருவதா? அந்த நினைப்பே சுலோசனாவைத் தின்றது. அதற்குக் காரணம் உண்டு. அவளுடைய நைனா தமிழ்நாட்டில் ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே புத்தூருக்குக் குடிவந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. தெலுங்கு எழுத்து தெரியாது என்று அவளை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் அவள் கால் நுழையாதாம். 'பெத்த பாப்பா', பெரிய பாப்பா என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாணம் ஆகிற வரை அந்தப் பெயர் போகவில்லை என்று ஒருமுறை என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

சோதனைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம். சுலோசனா மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்தாள். யாமினி என் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாமினி, முப்பத்தாறுல எட்டு போனா எவ்ளோடி?" என்று கேட்டேன். கை வேலையாக இருந்தது, அவ்வளவுதான்.

அவள் எழுந்தாள். "இரு அத்தை, தம்பியக் கூட்டுக்கினு வரேன்."

"அவன் எதுக்கு? நீயே சொல்லு."

"கணக்கு அவன்தான் போடுவான்."

எனக்குப் பொறி தட்டியது. பதினைந்தில் ஆறு என்று கேட்டேன். விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். கிஷோரைக் கூப்பிட்டேன். முப்பத்தாறில் எட்டு போனால் இருபத்தெட்டு என்று வாசற்படியிலிருந்தே சொன்னான். ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்து, இதைப் படி என்றேன். வாங்கவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "அக்கா படிக்கும்" என்றான்.

சுலோசனா புல்லுக்கட்டோடு வந்ததும் சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன் இல்ல?" என்றேன். அவள் புல்லுக்கட்டை இறக்கவில்லை. தலையில் வைத்தபடியே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் சந்தோஷம் செத்துப்போனது.

"ஒரே சிலேட்டு குடுத்தேன் அண்ணி" என்றாள். "ரெண்டு பேரும் முடிச்சிட்டோம்னு ஒண்ணா காட்டுவாங்க. சரியா இருக்கும். நான் தனித்தனியா கேட்டதே இல்ல."

சனிக்கிழமை காலையிலேயே இருவரையும் பிரித்தாள். யாமினி கொட்டகையில் கணக்கோடு, கிஷோர் வீட்டுக்குள் புத்தகத்தோடு. அவள் இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். யாமினி சுவர் முழுக்கக் கோடு போட்டு எண்ணி, தப்பாக எழுதி, அழுதாள். கிஷோர் புத்தகத்தைத் திறந்தால் உடனே மூடினான். வயிறு வலிக்கிறது என்றான், தண்ணீர் வேண்டும் என்றான். படி என்று அதட்டினால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். யாமினி கொட்டகையிலிருந்து ஓடிவந்து, "அவன விடும்மா, அவன விடு" என்று புத்தகத்தைப் பிடுங்கினாள். யாமினிக்குப் பொறாமை என்று நினைத்தேன். எவ்வளவு மடத்தனம்!

ஷிப்ட் முடிந்து வந்த திருமலை, "ஒண்ணாங்கிளாஸ்னா ஒண்ணாங்கிளாஸ், போனா போவுது. இதுக்குப் போயி சோறு துன்னாம கெடப்பாங்களா?" என்றான்.

"உன்னை யாராச்சும் பெத்த பாப்பான்னு கூப்புட்டாங்களா?" என்று கேட்டாள் சுலோசனா.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது கிஷோர் கண்ணைக் கசக்கினான். சுலோசனா கையிலிருந்த குழம்புப் பாத்திரம் கீழே விழுந்தது. எழுந்து ஓடி அவன் இமையை விரலால் பிடித்துப் பார்த்தாள். தூசிதான். ஆனால் அதற்குப் பிறகு அவள் அவன் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. வகுப்பு போகிறதா, பிள்ளை போகிறதா என்று அவளுக்குள் ஒரு தராசு ஆடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாப் புத்தகத்தையும் எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். "ஆனது ஆவட்டும்" என்றாள். பிள்ளைகள் பழையபடி சிரிக்க ஆரம்பித்தார்கள். அவள் ஒரு வாய் சோறு இறங்காமல் அன்றைய நாளைத் தள்ளினாள்.

திங்கட்கிழமை திருமலைக்கு டூட்டி. துணைக்கு நான் போனேன். ஸ்வர்ணலதா டீச்சர் முதலில் யாமினியை அழைத்தார். ஐந்தாம் வகுப்புப் பாடத்தையே கடகடவென்று படித்தாள். டீச்சர் புருவத்தை உயர்த்தினார். பிறகு பத்துக் கணக்கு கொடுத்தார். மூன்றைப் போட்டுவிட்டு, வாசல் பெஞ்சில் இருந்த தம்பியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அடுத்து கிஷோர். மூன்றாம் வகுப்புக் கணக்கை விரலைக்கூட மடக்காமல் போட்டான். புத்தகத்தை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

சுலோசனாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. உள்ளே போய், "மேடம், தப்பு என்னுது" என்றாள். "ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சி சொல்லிக் குடுத்தேன். இவ படிச்சா, அவன் கணக்கு போட்டான். நான் கவனிக்கல. புள்ளைங்க மேல தப்பு இல்ல."

டீச்சர் அவளை உட்காரச் சொன்னார். புத்தூர்க்காரர், எங்களை மாதிரியே தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். "ஏம் பாபு, எழுத்து தெரியாதா, படிக்கப் பிடிக்கலையா?" என்று கிஷோரைக் கேட்டார்.

கிஷோர் அக்காவைப் பார்த்தான். யாமினி எழுந்து வந்து அவனுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"அவன் படிக்கக் கூடாது மேடம். படிச்சா வலிப்பு வரும். அதான் நானே படிச்சி சொல்லுவேன். பதிலுக்கு அவன் எனக்குக் கணக்கு போட்டுக் குடுப்பான்."

"அப்படின்னு யாரும்மா சொன்னது?"

"அத்தை சொல்லிச்சி" என்று என்னைக் காட்டினாள்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால், கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் குழந்தை பக்கத்தில் இருப்பதைக்கூடப் பார்க்காமல் நான் சொன்ன சொல். நான் சொல்லி மறந்தேன். குழந்தை அதைக் கேட்டு, மனதில் பிடித்துக்கொண்டு, அத்தனை நாளும் ஒரு எழுத்து தம்பியின் கண்ணில் தனியாகப் படாமல் காவல் காத்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதைவிட வேறு பெரிய வார்த்தை எனக்குத் தெரியவில்லை. சுலோசனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அவள் மகளின் தோளைப் பிடித்து, "அதெல்லாம் இல்லடி கண்ணு, டாக்டரே படிக்கலாம்னு சொல்லிட்டாரு" என்றாள். யாமினி தலையை ஆட்டினாள், நம்பவில்லை.

"அத்தை சொல்லட்டும்" என்றாள்.

நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "நான் சொன்னது பொய்டி. தெரியாம ஒளறிட்டேன். படிச்சா ஒண்ணும் ஆவாது."

"சத்தியமா?"

அவள் தலையில் கை வைத்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்திலும் எனக்கு உள்ளுக்குள் பயம்தான். டாக்டர் சொன்னது டாக்டருக்கு, என் பயம் எனக்கு. இப்போது படித்து, இப்போதே இமை துடித்துவிட்டால்? "சத்தியமா" என்றேன்.

டீச்சர் புத்தகத்தைக் கிஷோர் பக்கமாக மேஜையின் ஓரத்துக்கு நகர்த்தினார். யாமினி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கிஷோர் முதல் தடவையாகத் தானே விரல் வைத்துப் பார்த்தான். அவனுக்கு எழுத்து தெரிந்துதான் இருந்தது. அக்காவின் தோள் வழியாக இரண்டரை வருடம் பார்த்தவன் ஆயிற்றே.

"ஆ...வு" என்றான். நிறுத்தினான். "செ...ரு...வு." ஒரு மூச்சு. "தக்கரக்கு... வச்சிந்தி." மாடு ஏரிப் பக்கம் வந்ததாம்.

அவன் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் மூன்று பேரும், அம்மாவும் அக்காவும் நானும், அவனுடைய இடது கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இமை அசையவில்லை.

யாமினிக்கு மூன்றாம் வகுப்பும், தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் கணக்கும், கிஷோருக்கு இரண்டாம் வகுப்பும் என்று டீச்சர் எழுதிக் கொடுத்தது கொஞ்ச நேரம் கழித்து. ஒரு வருடம் போயிற்றே என்று சுலோசனா கலங்கவில்லை, மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் மகளை ஒருமுறை உட்கார வைத்து, கால் நுழைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

ஆனால் அதற்கு முன்னால், அந்த ஒரு வரி முடிந்ததும், கிஷோர் அக்காவிடம் கேட்டான். "இன்னொண்ணு படிக்கட்டா?"

யாமினி அம்மாவைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். சரி என்று தலையை ஆட்டினேன். அவள் தம்பியின் கையை விடாமல், "படிடா" என்றாள்.