எண்பதில் நடுங்கும் கார்

குற்றச்சாட்டு: மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை முற்பகல், எதிர்த்தரப்பினராகிய பட்டறை உரிமையாளர் மனுதாரரின் காருக்கு நான்கு புதிய டயர்களை மாட்டித் தந்தார். மறுநாள் முதல் அக்கார் எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டவுடன் ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் நடுங்குகிறது. அதற்கு முன் நடுங்கியதில்லை. ஆகவே முழுப் பொறுப்பும் எதிர்த்தரப்பினரையே சாரும்.

மனுதாரராகிய மீட்டர்க்காரர் இதை மூன்று நகல்கள் எடுத்து, மூன்றிலும் கையெழுத்திட்டு, உறையில் இட்டு ஒட்டியும் விட்டார். திங்கட்கிழமை அது நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது. இடையில் ஒரே ஒரு சிக்கல் நின்றது. எதிர்த்தரப்பினர் அவருடைய மனைவியின் உடன்பிறந்த தம்பி.

"அது தபால்ல சேர்ற அன்னைக்கு என் தம்பி வீட்டு வாசல் எனக்கு மூடிக்கும்" என்றார் மனைவி. "பொறந்த வீடுன்னு சொல்லிக்க எனக்கு மிச்சம் இருக்கறது அவன் ஒருத்தன்தான். ஞாபகம் வெச்சுக்குங்க."

"சொந்தபந்தம் எல்லாம் கோர்ட்ல செல்லாது."

"வீட்ல செல்லும்."

வீடு வீடாகச் சென்று தண்ணீர் மீட்டர் பார்ப்பது அவருடைய உத்தியோகம். அதனால்தான் அந்தப் பெயர். சட்டத்தையும் இயந்திரங்களையும் பழைய புத்தகக் கடை நூல்களிலிருந்து தாமே கற்றவர். ரசீது எதையும் எறிந்தவரல்லர். குடை தொலைந்து போயிற்று, குடையின் ரசீது இருக்கிறது. மின்விசிறி பழைய இரும்புக்குப் போய்ச் சேர்ந்தது, அதன் உத்தரவாத அட்டை பீரோவில் வீற்றிருக்கிறது. "என் புடவைக்கு எடமில்ல, செத்த ஃபேனுக்கு எடமிருக்கு" என்பது மனைவியின் நெடுநாள் மனு. அது இன்னும் பரிசீலனையில் உள்ளது.

இந்தக் குணத்துக்கு ஒரு காரணம் உண்டு. பள்ளி நாட்களில் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் அவருடைய நல்ல சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு கோணல் சக்கரமொன்றை மாட்டி அனுப்பினார். நியாயம் கேட்கப் போன சிறுவனிடம், "அது உன்னுதுன்னு என்னடா அத்தாட்சி?" என்றார். அத்தாட்சி இல்லை. கோணல் சக்கரத்திலேயே படிப்பை முடித்தவர், அதன்பின் தம்முடைய பொருள் எதையும் அடையாளமிடாமல் பிறர் கையில் கொடுத்ததில்லை. டிபன் டப்பாவின் மூடியில் பெயர் இருக்கும், அடியிலும் இருக்கும்.

நடுக்கத்தை ஆராய்வதில் அவர் குறை வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மனைவியை முன்னிருக்கையில் அமர்த்தி, மடியில் ததும்பத் ததும்ப ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, நெடுஞ்சாலையில் ஓட்டினார். அறுபதில் நீர் அலைந்தது. எண்பதில் பாதி, புடவைக்கு மாறியது.

"சாட்சி குளிச்சு முடிச்சாச்சு. வீட்டுக்குத் திருப்புங்க."

பிரேக்கை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் நடுக்கம் ஒரே அளவில் இருந்ததால் பிரேக் நிரபராதி என விடுவிக்கப்பட்டது. பட்டறையில் மைத்துனர் சக்கரங்களை ஒவ்வொன்றாக பேலன்சிங் இயந்திரத்தில் ஏற்றினார்.

"எல்லாத்துக்கும் கோளாறு சைபர்னு காட்டுது அத்தான். அலைன்மென்ட்டும் சுத்தம். முன்னாடி சக்கரத்தைப் பின்னாடி மாத்திப் பாப்போம். கோளாறு சக்கரத்துல இருந்தா அதுவும் கூடவே பின்னாடி போயிடும்."

மாற்றினார்கள். கோளாறு எங்கும் போகவில்லை. முன்போலவே ஸ்டியரிங்கும் நடுங்கியது, இருக்கையும் நடுங்கியது.

"நாலும் ஒண்ணு சொல்லி வெச்ச மாதிரி எப்படிக் கெடும்? எனக்கே புரியல அத்தான்."

"வாயால சொன்னா ஏத்துக்க மாட்டேன், மாப்ள. எழுத்துல குடு."

"ஸ்பேனர் புடிக்கிற கை அத்தான் இது. உங்க அளவுக்கு எழுத வராது."

இதையே குற்ற ஒப்புதலாகக் கருதி அவர் வீடு திரும்பினார். உறை ஒட்டப்பட்டது அன்றுதான்.

ஞாயிறு காலை, மனுவுடன் இணைக்கப் புகைப்படம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வாசலில் காரை ஜாக்கியில் ஏற்றி, மனைவியைச் சாட்சியாக நிறுத்தி, முன் சக்கரத்தைக் கழற்றிப் புரட்டினார். சக்கரத்தின் உட்பக்கம், போல்ட் துளைகளுக்கு நடுவே, நசுங்கி மடிந்த ஒரு லேமினேட் அட்டை ஒட்டியிருந்தது. மனைவி குனிந்து, எழுத்துக் கூட்டுவதுபோல் உரக்க வாசித்தார்:

"'இச்சக்கரம் மீட்டர்க்காரருக்குரியது. இவ்வட்டையை அகற்றுவோர் மீது வழக்குத் தொடரப்படும்.' கீழ கையெழுத்து. மார்ச் எட்டு."

மார்ச் எட்டு, வெள்ளிக்கிழமை. மறுநாள் பட்டறையில் சக்கரத்தை மாற்றிவிடக் கூடாதே என்று, மாலை முழுவதும் நான்கு சக்கரங்களையும் தாமே கழற்றி அட்டை ஒட்டியது அவர் நினைவுக்கு வந்தது. ஒட்டுவதற்குச் சமதளமான இடம் அது ஒன்றுதான் இருந்தது. சக்கரத்தைத் தாங்கிச் சுழற்றும் காரின் ஹப்போடு அது இடைவெளியின்றி ஒட்டி உட்கார வேண்டிய இடமும் அதுவே. நடுத்துளையைப் பிடித்துச் சுற்றும் பேலன்சிங் இயந்திரத்துக்கு அட்டை தட்டுப்படவில்லை. காரில் மாட்டியதும் நான்கு சக்கரங்களும் மயிரிழை சாய்ந்து நின்றன. தெருக்களில் ஊர்ந்தபோது தெரியாத சாய்வு நெடுஞ்சாலையில் தலைவிரித்தாடியது. 'இவ்விரு பரப்புகளுக்கிடையே தூசியும் இருத்தலாகாது' என்ற வரியை அவர் தம் புத்தகத்தில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டும் வைத்திருந்தார். நுணலும் தன் வாயால் கெடும். இவர் தம் கையெழுத்தால் கெட்டார்.

"இது யாரு ஒட்டினதுங்க?"

"தீர விசாரிக்காம சொல்ல முடியாது."

"கையெழுத்து யாரோடது?"

"எங்கேயோ பாத்த மாதிரி இருக்கு."

மனைவி தம்பிக்குப் போன் போட்டு, கணவரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"பாத்தோமே அக்கா, நாலுலயும் இருந்துச்சு. தொட்டா கேஸுன்னு போட்டிருந்தா எவன் தொடுவான்? ஏதோ சட்ட சமாச்சாரம்னு அப்படியே வெச்சு முறுக்கிட்டோம். சக்கரம் ஆடினா சரிபண்ணிக்கலாம். அத்தான் ஆட ஆரம்பிச்சா யாரால நிறுத்த முடியும்?"

நான்கு அட்டைகளும் உரிக்கப்பட்டன. மீண்டும் நெடுஞ்சாலை, மீண்டும் டம்ளர். எண்பதிலும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மனைவி அந்தத் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்தார்.

வீடு திரும்பியதும் மீட்டர்க்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி... நான்தான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். விடு."

மனைவி மேசைமேல் இருந்த உறையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர்முன் வைத்தார்.

"வாயால சொன்னா ஏத்துக்க மாட்டோம். என் தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கறீங்களா, இல்லையா? வர்ற ஞாயித்துக்கிழமை அவனைச் சாப்பிடக் கூப்பிடறீங்களா, இல்லையா? ரெண்டுக்கும் எழுத்துல பதில் வரணும். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மூணு நகல்."