சுவரைப் பார்த்த படங்கள்

என் கணவர் கடையத்தில் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர். வகுப்பில் சேட்டை செய்கிற பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து நிற்க வைப்பாராம். எங்கள் தென்காசி வீட்டு மாடியறையிலும் அதே கதைதான். வரைந்த படம் பிடிக்கவில்லை என்றால் அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார். அப்புறம் சரிசெய்து, மனசுக்குப் பிடித்துப்போனால் நேராக்கி, கீழே கொண்டுவந்து காட்டுவார். முட்டிவலி வந்ததிலிருந்து நான் மாடி ஏறுவதில்லை. கடைசி வருஷம் படத்தைத் தூக்கிக்கொண்டு இறங்க அவருக்கும் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் வீடு, நகை எதைப் பற்றியும் அவர் பேசவில்லை. "செவரப் பாத்து நிக்கத மட்டும் ஒருத்தருக்கும் காட்டிராத" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வீடு கழுவியபோது நாத்தனார் மாடியறையையும் விடவில்லை. பாவம், அண்ணன் மேல் உள்ள பாசத்தில் ஒவ்வொரு படத்தையும் துடைத்து, எல்லாவற்றையும் ஒரே பக்கமாக அடுக்கிவிட்டாள். அவளைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

இந்தச் சாரல் சீசனுக்குக் குற்றாலத்தில் கண்காட்சி வைத்தே தீரவேண்டும் என்று அவருடைய நண்பர் ஒற்றைக் காலில் நின்றார். மாடியிலேயே கிடந்தால் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துவிடும், அப்படி ஒரு ஆள் வரைந்ததே யாருக்கும் தெரியாமல் போகும் என்றார். அதுவும் நியாயம்தான். படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். அவர் எனக்குக் காட்டியதையெல்லாம் தயங்காமல் எடுத்துக் கொடுத்தேன். கடைசி வருஷத்துப் படங்களில்தான் கை நின்றது. அவற்றில் ஒன்று நான்.

கொடியிலிருந்து துணி உருவிக்கொண்டு நிற்கிறேன். சாரல் வந்துவிட்டதே என்ற எரிச்சல் முகத்தில். மாடி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். என்னை வரைந்தார் என்பதே எனக்குத் தெரியாது. இதைத்தான் முதலில் மாட்ட வேண்டும் என்றார் நண்பர்.

நாத்தனாருக்கு ஃபோன் போட்டேன். மற்றது மறந்தாலும் மதினி படம் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதா மறக்கும்? "எனக்கு நெனப்பு இல்ல மதினி" என்றாள். நிஜமாகவே மறந்துவிட்டாளா, என் மனசு நோகக் கூடாது என்று சொன்னாளா, தெரியவில்லை.

இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவருக்கு என் முகம் பிடித்திருந்ததா என்று இந்த வயசில் கவலைப்படுவது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் படுகிறேன்.

வேன் வந்தபோது, சந்தேகம் இருந்தும் மற்ற படங்களை ஏற்றிவிட்டேன்; அதை மட்டும் கொடுக்கவில்லை. அவர் சொல்லைக் காப்பாற்றுவதாக நண்பரிடம் சொன்னேன். இப்போது அது என் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. காலையில் நேராக வைத்துப் பார்க்கிறேன். சாயங்காலம் அவர் சொன்னது உறுத்தும், சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவேன். ஒவ்வொரு முறையும் அவரே திருப்புகிற மாதிரி வலிக்கிறது.