கீழ்வீட்டுச் சூடு

பூட்டிய படுக்கையறைக்குள்ளிருந்து டங், டங் என்று சத்தம் வந்தது. மேல்வீட்டு வெலிச்கா, மாடிதோறும் ஊடுருவிச் செல்லும் வெப்பக் குழாயைக் கரண்டியால் தட்டுகிறாள். பெர்னிக் நகரத்து அடுக்குமாடிகளில் அண்டை வீட்டாரைக் கண்டிக்க அதுதான் வழி. சமையலறை விறகடுப்பருகே இருந்த ரூமியானா அசையவில்லை. தட்டட்டும். இந்தச் சத்தத்துக்காகத்தானே பனி தொடங்கியதும், வெந்நீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களையெல்லாம் மூடிவிட்டு, இந்த ஒற்றை அறைக்குள் குடிபுகுந்தாள்?

ரொட்டிக்கடை அடுப்பு முன்னால் நின்றே வயதானவள் அவள். கணவன் அசென் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவன். ஊரையே சூடாக்கியவன், தன் கடைசிக் குளிர்காலத்தில் நெஞ்சுச் சளியோடு நடுங்கிக் கிடந்தான். ரூமியானா செலவு பாராமல் எல்லா ரேடியேட்டர்களையும் திறந்துவைத்தாள். வெலிச்காவோ தன்னுடையதையெல்லாம் மூடிவிட்டு, கீழிருந்து ஏறிய சூட்டில் காசில்லாமல் குளிர்காய்ந்தாள். சூடெல்லாம் மேலே போய்விட, அசெனின் அறை கடைசிவரை கதகதப்பாகவே இல்லை.

அழைப்புமணி அடித்தது. கம்பளித் தொப்பியும் மேலங்கியுமாக வெலிச்கா நின்றாள். கையில் குடைமிளகாய்த் தொக்கு ஜாடி.

"தட்டுனது காதுல விழலையாடி?"

"விழுந்துச்சு. தாளந்தான் சரியில்ல."

"ரேடியேட்டர் ரிப்பேரா?"

"நல்லாத்தான் இருக்கு. நான்தான் மூடிட்டேன். சிக்கனம். உன்னப் பாத்துக் கத்துக்கிட்டது."

வெலிச்காவின் முகம் சுருங்கியது. "என்னோடத முழுசாத் திறந்தும் தரை பனிக்கட்டியா இருக்கு. என் மூட்டுவலி உனக்குத் தெரியாதா?"

"என் அசென் இருமுனது உனக்குக் கேக்கலையா? ஒரு ரேடியேட்டரையாவது திறன்னு உன் வாசல்ல வந்து அழுதேனே. போற உசுருக்கு எதுக்குச் சூடுன்னு கேட்டே."

"ஏதோ வாய் தவறி..."

"தவறல. சிரிச்சுக்கிட்டே சொன்னே."

வெலிச்காவின் கண்கள் நிறைந்தன. "தப்புதான் ரூமியானா. மன்னிச்சிடு."

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் ரூமியானா காத்திருந்தாள். கேட்டதும் மனம் இளகிவிடும் என்றுகூடப் பயந்திருந்தாள். ஆனால் கண்முன்னே வந்தது அசெனின் நீலம் பாரித்த உதடுகள்தான்.

"சரி, கேட்டுக்கிட்டேன்."

"அப்ப திறப்பியா?"

"மாட்டேன். அவர் பட்ட குளிர நீயும் கொஞ்சம் பட்டுப் பாரு."

நீட்டிய ஜாடியை அவள் வாங்கவில்லை. வெலிச்கா கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு படியேறினாள். அவள் முக்கி முனகி மேல்படியை எட்டும்வரை நின்று பார்த்துவிட்டு, ரூமியானா கதவைச் சாத்தினாள்.