ஒரே போரில் நாலு மோட்டார்

கண்ணு, அம்மணி, இரண்டு பேரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நேற்று நம் வீட்டுப் பழைய லேப்டாப்பில் பள்ளிக்கூடத்துப் பக்கம் திறக்கவில்லை என்று நீங்கள் அதன் முதுகில் தட்டியதும், டப்பா என்று திட்டியதும் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதன் என்டர் பொத்தானை அழுத்தினால் நறுக்கென்று ஒரு சத்தம் வருமே, அது ஏன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தச் சத்தத்துக்குள் ஒரு கல்யாணம் இருக்கிறது.

அந்த லேப்டாப் எங்கள் முதலாளியின் மகனுடையது. சூலூர் பக்கம் முதலாளிக்குத் தண்ணீர் மோட்டார் செய்யும் பட்டறை இருந்தது. நான் அங்கே மோட்டார் பூட்டும் பிட்டர். அவர் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் மோட்டாரை வைத்துத்தான் அளப்பார். யாராவது ஜாதகம் பொருந்திவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னால், "பொண்ணு அஞ்சு ஹெச்பி, மாப்பிள்ளை அரை ஹெச்பி, எப்படீங்க ஓடும்?" என்று கேட்டு அவர்கள் முகத்தைச் சுருங்க வைத்துவிடுவார். மோட்டார் வாங்க வரும் விவசாயிகளிடம் அவர் ஓயாமல் சொல்வது ஒன்று உண்டு. எதற்கும் ஒரு ஸ்டாண்ட்பை வேண்டும். ஒன்று ஓடும்போது இன்னொன்று சும்மா நிற்க வேண்டும். பட்டறையில் ஸ்டாண்ட்பை இல்லாத பொருளே கிடையாது. அவர் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடிகூட இரண்டு இருக்கும்.

மகன் ஜெர்மனியில் வேலை பார்த்து, அங்கேயே ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்த்து, கல்யாணமும் அங்கேயே என்று ஆனது. முதலாளியம்மா விமானம் ஏறிவிட்டார். முதலாளிக்கு அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது; டாக்டர் போகக்கூடாது என்றுவிட்டார். ஒரே மகன் தாலி கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க முடியாது. சரி, நேரலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் என் போனை நீட்டினேன். "எம்பட பையன் கல்யாணத்த உள்ளங்கையிலயா பாக்கறது? அவன் படிச்ச பொட்டி இருக்குதுங்களே, அதுல பாக்கறேன்" என்று, மகன் விட்டுப்போன லேப்டாப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டு வந்தார்.

அங்கே காலை முகூர்த்தம், நமக்கு மத்தியானம். முதலாளி பட்டு வேட்டி கட்டி, ஊன்றுகோலோடு, தட்டு நிறைய மஞ்சள் அரிசியோடு பட்டறை ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தார். லேப்டாப்புக்குக் கரண்ட் குறையக்கூடாது என்று லேத்து முதல் மின்விசிறி வரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். வியர்த்துக்கொட்ட நாங்கள் சுற்றி நின்றோம். பக்கம் திறந்தது. முதலில் ஒரு விளம்பரம் வந்தது, அப்புறம் ஒரு சுற்றும் வட்டம் வந்தது, அது சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகப் படம் வந்து, மகன் நெற்றியில் பட்டம் கட்டி உட்கார்ந்திருப்பது தெரிந்ததும் முதலாளி நிம்மதியாக மூச்சுவிட்டார். உடனே அவருக்குப் பழைய பயம் வந்துவிட்டது. இது நின்றுபோனால்? நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அதே பக்கத்தைத் தனித்தனியாக இன்னும் மூன்று இடத்தில் திறந்து வைத்துவிட்டார். ஸ்டாண்ட்பை!

அவ்வளவுதான். லேப்டாப்புக்கு உள்ளே இருக்கும் சின்ன விசிறி அலற ஆரம்பித்தது. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் அக்கா, "ஏனுங் முதலாளி, இது கல்யாணம் பாக்கற பொட்டிங்களா, நெல்லுத் தூத்தற மெசினுங்களா?" என்று கேட்டார். திறந்து வைத்த நாலு பக்கமும் நாலு நேரத்தில் ஓடின. ஒன்றில் நாதஸ்வரம், ஒன்றில் மந்திரம், ஒன்றில் யாரோ மைக்கை ஊதிப் பார்த்தார்கள், இன்னொன்றில் அப்போதுதான் அந்த விளம்பரமே தொடங்கியது. படம் மட்டும் மகன் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. முதலாளி தட்டில் இருந்த அரிசியைப் பிடித்தபடி திரையை நோக்கிக் குனிந்தார். நான் மற்ற பக்கங்களை மூடப் போனேன். "ஸ்டாண்ட்பைல கை வெச்சுப்போடாதீங்க!" என்று என் கையைத் தட்டிவிட்டார்.

"நாலும் நிக்கலீங்க, நாலும் ஓடுதுங்க. ஒரே போர் கெணத்துக்குள்ள நாலு மோட்டார எறக்கி உட்டா எப்படீங்க தண்ணி வரும்?" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "அடக் கெரகமே, நானே இப்படிப் பண்ணிப்போட்டனே" என்று தன் கையாலேயே மூன்றையும் மூடினார். மிச்சம் இருந்ததில் படத்தின் தரத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தேன். விசிறி கொஞ்சம் மூச்சு வாங்கியது. மகன் அசைந்தான். முகம் கட்டம் கட்டமாக, ஒட்டுத் துணி தைத்த மாதிரி இருந்தது, ஆனால் அசைந்தான்.

அதற்குள் வைண்டிங் அக்கா தன் போனைப் பார்த்துவிட்டு, "ஐயோ, தாலி கட்டி முடிஞ்சு மாலையும் மாத்திப்போட்டாங்களே!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். முதலாளி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. படம் நின்ற இடத்திலிருந்தே மெல்ல மெல்ல ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியில், ஐயர் அப்போதுதான் தாலித் தட்டை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். "அங்க கட்டுனா கட்டீட்டுப் போகட்டும் அம்மணி. எனக்கு இப்பத்தானுங்க" என்றார் முதலாளி. தாலி ஏறியது. அவர் எழுந்து நின்றார், ஊன்றுகோலை மறந்துவிட்டு. இரண்டு கையாலும் அரிசியை அள்ளித் திரைமேல் போட்டார். நாங்களும் போட்டோம். பாதி கீபோர்டுக்குள் போய்விட்டது.

மறுநாள் பட்டறையில், லேப்டாப் கெட்டுவிட்டதா என்று கேட்டேன். "மோட்டாரு நல்லாத்தானுங்க இருக்குது. தண்ணிதான் கீழ போயிருச்சு" என்றார். பிற்பாடு எனக்குத் தெரிந்த ரிப்பேர்காரரும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். இந்தப் பெட்டி செய்த காலத்தில் ஒரு பக்கம் என்றால் நாலு வரி எழுத்து, இரண்டு படம். இப்போது பக்கம் திறந்தால் அதன் பின்னாலேயே வீடியோ, விளம்பரம், நம்மை வேவு பார்க்கிற சங்கதி எல்லாம் இறங்கி, நம் பெட்டியையே வேலை வாங்குகின்றன. ரேம் என்பது பட்டறை மேஜை மாதிரி. சின்ன மேஜை சட்டென்று நிறைந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு சாமானுக்கும் பின்கட்டுக் குடோனுக்கு ஓடிப்போய் வர வேண்டும். அந்த ஓட்டத்தைத்தான் நீங்கள் சோம்பேறித்தனம் என்கிறீர்கள். அந்தக் காலத்துக் கிணற்றில் பீய்ச்சியடித்த மோட்டாரை இந்தக் காலத்து ஆழ்துளைக் கிணற்றில் இறக்கினால் அது முக்கத்தானே செய்யும்?

மகன் புதிது அனுப்பியதும் முதலாளி இதை நமக்குக் கொடுத்தார். இப்போது அவரும் ஜெர்மனியில்தான் இருக்கிறார். உங்களுக்கும் புதிது வாங்கித் தருகிறேன், படிப்பு நிற்கக்கூடாது. ஆனால் இதைக் கெட்டுப்போனது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்று காலை நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, பழையதைக் கடையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்து, சுத்தம் செய்ய அதைக் கவிழ்த்துத் தட்டினேன். என்டர் பொத்தான் ஓரத்திலிருந்து மஞ்சள் வெளுத்த ஓர் அரிசி மேஜையில் விழுந்தது. பொத்தானை அழுத்திப் பார்த்தேன். சத்தமே வரவில்லை. அப்புறம் உங்கள் அம்மாவின் ஊக்கை எடுத்து வந்து, பொத்தானை நெம்பி, அரிசியை இருந்த இடத்திலேயே வைத்து அழுத்தினேன். நறுக்கென்றது. மூடி, பீரோவில் வைத்துவிட்டேன்.