எதிர்த்தரப்புக்கு ஒரு போன்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருந்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான். அண்ணனைப் பற்றி எழுத அண்ணனே இல்லாததால் அந்த வேலை தங்கையாகிய என் தலையில் விழுந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்துகிறவள். விடை தெரியாத கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பழக்கமில்லை. இந்தக் கட்டுரையை மட்டும் அப்படித்தான் எழுதுகிறேன். ஓராண்டாக என் மண்டைக்குள் இருக்கும் குழப்பம் இதிலும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் கண்டனூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா தவறிவிட்டார்கள். படிப்பை எப்படியோ முடித்து, காரைக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டார்கள். கூடவே ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர் ஆனார்கள். நிருபர் என்றதும் பெரிய சம்பளம் என்று நம் சொந்தக்காரர்களில் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அச்சில் வந்த செய்திக்கு ஏதோ கொடுப்பார்கள், அவ்வளவுதான். என்னைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தது ஜெராக்ஸ் கடை. நிருபர் அடையாள அட்டை சம்பாதித்துக் கொடுத்தது ஊர்ப் பகை.

எங்கள் ஊரில் டவுன் பஸ் நிற்காமல் போகிறது என்பதுதான் அண்ணன் எழுதிய முதல் செய்தி. மறுவாரமே பஸ் நிற்க ஆரம்பித்தது. "நிருபர் ஸ்டாப்பெல்லாம் எறங்கு" என்று கண்டக்டர் சத்தம் போடுவார். அண்ணனும் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள்.

அண்ணனிடம் ஒரு பழக்கம் உண்டு. யாரைப் பற்றிக் குறை எழுதினாலும், செய்தியை அனுப்பும் முன்பு அவருக்கே போன் அடித்துவிடுவார்கள். "நாளைக்கு உங்களைப் பத்தி இப்படி ஒரு செய்தி வருது. உங்க தரப்பு என்ன?" என்று கேட்பார்கள். பதில் சொன்னால் அதையும் சேர்த்து எழுதுவார்கள். சொல்லாவிட்டால், கேட்டதற்குப் பதில் அளிக்கவில்லை என்று எழுதுவார்கள். ரேஷன் கடைக்காரரில் இருந்து பெரிய பெரிய ஆட்கள் வரைக்கும் இதே நடைமுறைதான்.

அண்ணிக்கு இது அறவே பிடிக்காது. "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறீக. எழுதுறதுக்கு முன்னாடியே எதிராளிகிட்டப் போயி நாளைக்கு எழுதப் போறேன்னு சொல்லுவாகளா யாராச்சும்?" என்பார்கள்.

"அவுககிட்ட ஒரு வார்த்தை கேக்காம எழுதினா அது செய்தி இல்ல, புறணி" என்பது அண்ணனின் பதில்.

வெளிநாடுகளில் நிருபர்கள் கொல்லப்பட்டாலோ சிறையில் அடைக்கப்பட்டாலோ அந்தச் செய்தியை அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டுவார்கள். சண்டை நடக்கும் தேசங்கள், வாயால் சொல்லவே வராத ஊர்ப் பெயர்கள். கோயில் திருவிழாவும் குடிதண்ணீர்ப் பிரச்சினையும் எழுதுகிற மனிதருக்கு அதில் என்ன என்று எனக்குத் தோன்றும். ஒருமுறை கேட்டும் விட்டேன். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அங்குட்டு குண்டு போடுறான். இங்குட்டு வீட்டுக்கு வந்து காபி குடிச்சிட்டுச் சொல்லிட்டுப் போறான்" என்றார்கள்.

அது விளையாட்டுப் பேச்சில்லை என்று பிறகுதான் அண்ணி விளக்கினார்கள். நம் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் பள்ளம் நிரப்ப உதவும் சவுடு மண் அள்ள அனுமதி வாங்கியவர்கள் அளவுக்கு மேல் தோண்டுவதை அண்ணன் அப்போது எழுதிக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் வீடு தேடி வந்திருக்கிறார். அண்ணனின் சிநேகிதர் என்று நினைத்து அண்ணி காபி கொடுத்திருக்கிறார்கள். மரியாதையாகக் குடித்துவிட்டு, அண்ணன் மகளைக் காட்டி, "பாப்பா என்ன படிக்கிது? ஸ்கூல் வேன் எந்தப் பக்கம் வந்து நிக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். திட்டவுமில்லை, மிரட்டவுமில்லை. போலீசில் போய் என்னவென்று எழுதிக் கொடுப்பது?

மண் அள்ள அனுமதி வாங்கியிருந்த கான்ட்ராக்டர் அண்ணனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். கடைசிச் செய்தியை அனுப்பும் முன்பும் அண்ணன் வழக்கம்போல் அவருக்குப் போன் அடித்திருக்கிறார்கள். பிறகு ஒரு படம் எடுத்துவர பைக்கில் கண்மாய்ப் பக்கம் போனார்கள். பொழுது சாயும் நேரத்தில் அண்ணிக்கு ஒரு போன் வந்தது.

"தங்கச்சி, உங்க வீட்டுக்காரக கோவிலூர் ரோட்டோரம் விழுந்து கெடக்காக. என் கார்ல ஏத்திக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். நேரா அங்குட்டு வந்துருங்க."

பேசியது அதே கான்ட்ராக்டர். நாங்கள் போனபோது சட்டையெல்லாம் அண்ணனின் ரத்தத்தோடு வாசலில் நின்றார். ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்றதும் முதலில் கையை நீட்டியவரும் அவர்தான். அடையாளம் தெரியாத வாகனம் மோதியதாகப் போலீசார் எழுதினார்கள். நெருப்பில்லாமல் புகையுமா என்று ஊர் பேசியது.

அண்ணனுக்கு நினைவு திரும்பியது. எந்த வண்டி மோதியது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சுற்றி நின்ற சக நிருபர்கள், "சொல்லுங்கண்ணே, அவுக டிப்பர்தானே?" என்று எடுத்துக் கொடுத்தார்கள். அண்ணன் மெல்ல, "பின்னால இருந்து வந்துச்சு. நான் பாக்கல. பாக்காததை எப்படிச் சொல்றது" என்றார்கள். எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது.

ஆனால் எல்லாரும் போன பிறகு, நான் கஞ்சி ஊட்டும்போது அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பாப்பா ஸ்கூல் வேன் இப்ப எங்க வந்து நிக்கிது?"

அண்ணன் உண்மையிலேயே பார்க்கவில்லையா, மகளுக்காகப் பார்க்கவில்லை என்றார்களா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் அது நேர்மை என்று நினைக்கிறேன், மறுநாள் பயம் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு காயத்தில் நோய்த்தொற்று கண்டு அண்ணன் எங்களை விட்டுப் போய்விட்டார்கள்.

இந்த மலரில் அண்ணனுக்கு உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பேச்சு வந்தபோது எனக்கும் அண்ணிக்கும் மனத்தாங்கல் வந்தது. "ரத்தம் குடுத்தவுக பேரை விட்டுட்டு மலர் போட்டா உங்க அண்ணனே ஒத்துக்க மாட்டாக" என்றார்கள் அண்ணி. அந்தப் பெயரைப் போட்டால் அண்ணன் எழுதியதையெல்லாம் நாமே பொய்யாக்கியது போலாகும் என்றேன் நான். இருவரும் இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம், அண்ணனாக இருந்தால் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். அது ஒன்றுதான் குழப்பமில்லாமல் தெரிந்தது. கான்ட்ராக்டருக்குப் போன் அடித்தேன்.

அவரையும் "அண்ணே" என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. ஊர்ப் பழக்கம் அப்படி.

"அண்ணே, நான் நிருபர் தங்கச்சி பேசுறேன். நினைவு மலர் போடுறோம். அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது, ரத்தம் குடுத்தது எல்லாம் எழுதப் போறேன். அன்னைக்கு அவுக மேல மோதுனது உங்க வண்டிதான்னு ஊருல பேசுறாக. உங்க தரப்பு என்ன?"

அவருக்குப் பின்னால் டிப்பர் ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

"உங்க அண்ணனும் இப்படியேதான் கேப்பாக" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. "தங்கச்சி, நன்றியில என் பேரைப் போடாதீக."

"ஏன்ணே?"

போனை அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கட்டாகிவிட்டது.

குற்ற உணர்ச்சியில் பேசினாரா, பழைய சிநேகத்தில் பேசினாரா? அண்ணியிடம் அப்படியே ஒப்பித்தேன். அண்ணி, "நடந்ததை நடந்தபடி எழுதிருங்க" என்றார்கள்.

அண்ணனைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வார்டு வாசலிலேயே படுத்துக் கிடந்த சக நிருபர்களுக்கும், இன்றுவரை ஜெராக்ஸ் கடையைத் திறந்து மூடித் தரும் பக்கத்துக் கடைக்காரருக்கும், பாப்பாவைத் தினமும் வேன் வரை கொண்டுபோய் விடும் தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணனைத் தம் காரில் ஏற்றிச் சென்று ரத்தமும் கொடுத்தவருக்கும் நன்றி. பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு அவர் பதில் அளிக்கவில்லை.