கணேஸ்வரன் காட்டிய மண்சரிவு

கெர்லிங் எஸ்டேட் லயத்தில் பிறந்து, ரப்பர் பால்மரம் சீவி, வேறு எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி, ஐம்பத்தாறு வயதில் பக்கத்து ஊர் அம்பாங் பெச்சாவில் வேன் வைத்துப் பிழைக்கிறார் கணேஸ்வரன். அவருக்கு ஒரே ஒரு பட்டம்தான் உண்டு: மலை அங்கிள். கொடுத்தவர்கள் யுனிவர்சிட்டி பிள்ளைகள்.

வருடா வருடம் மண்ணையும் பாறையையும் படிக்கிற பிள்ளைகள் கோலா குபு பாரு ஸ்டேஷனில் வந்து இறங்குவார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போய், அந்தக் கெர்லிங் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கும் மலையில் முன்னால் நடந்து வழிகாட்டுவது அவர் வேலை. பாதி மலையில் ஒரு பெரிய பள்ளம். அங்கே நின்று கையை விரிப்பார்.

“ராத்திரி பூரா மழை. டமார்னு ஒரு சத்தம். மலையே சரிஞ்சு வந்துருச்சு!”

உண்மையில் முதல் வருடம் யாரோ ஒரு பெண், “இது என்ன அங்கிள்?” என்று கேட்டபோது அவருக்கு ஒன்றும் தெரியாது. வாய் சும்மா இருக்கவில்லை. பதினெட்டு வருடத்தில் அந்தச் சத்தம் கோலா குபு பாரு வரை கேட்க ஆரம்பித்திருந்தது.

இந்த வருடம் லெக்சரர் ஷாமளா கையில் ஒரு டேப்லெட். விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி அளந்த நிலப்படமாம். மேலே இருக்கும் மரம் செடியையெல்லாம் கம்ப்யூட்டர் உரித்துப் போட்டுவிடும். வெறும் மண் மட்டும் மேடு பள்ளத்தோடு தெரியும். தண்ணீர்ப் போத்தல் தூக்கட்டும் என்று மனைவி திலகாவின் தம்பி உமாபதியை இவரேதான் கூட்டி வந்திருந்தார். அவன் அரை மணி நேரத்தில் அந்தப் படத்தைத் திருப்பவும் பெரிதாக்கவும் கற்றுக்கொண்டான்.

“உமாபதி அங்கிள், நீங்க முன்னால வாங்க,” என்றாள் ஷாமளா.

அவ்வளவுதான். கணேஸ்வரன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு கடைசிக்குப் போனார். அவன் போட்டிருந்த தொப்பியைப் பார்த்தால்கூட வயிறு எரிந்தது. இனி வீட்டுக்குப் போனால் திலகா வேறு, “என் தம்பி மூளையே மூளை,” என்று ஒரு வாரம் பாடுவாள்.

பள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னால் உமாபதி பின்தங்கி வந்து டேப்லெட்டைக் காட்டினான். படத்தில் அந்தப் பள்ளம் நாலு மூலையும் அளவெடுத்தாற்போல் சதுரமாக இருந்தது.

“மாமா, மெதுவா கேளுங்க. இது மலை சரிஞ்சதில்ல. தொண்ணூத்தி ஒம்போதுல மேனேஜர் மீன் குளம் வேணும்னாரு. மண்வாரி ஓட்டித் தோண்டுனதே நான்தான். தண்ணி நிக்கல, அப்படியே விட்டுட்டாங்க. நீங்க அப்ப வேற எஸ்டேட்டுல லோரி ஓட்டிட்டிருந்தீங்க.”

“டேய், இத்தன வருசமா ஏன்டா சொல்லல?”

“அக்கா முன்னாடி நீங்க அவ்ளோ ஆசையா அந்தக் கதைய சொல்லுவீங்க. எப்புடி சொல்றது? இப்பவும் மிஸ் கேட்டா சரிவுன்னே சொல்லிருவோம் லா. நான் வாய தொறக்க மாட்டேன்.”

முன்னால் போனதைக்கூட விட்டுவிடலாம். இவன் பரிதாபப்பட்டுக் காப்பாற்றி, அந்த நன்றியோடு தீபாவளிக்கு இவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதா? கணேஸ்வரனால் அது மட்டும் முடியாது.

“மிஸ்!” என்று கத்தினார். “நான் காட்டுன சரிவு பொய். இந்த உமாபதிதான் மண்வாரி வச்சு தோண்டுனான். கேட்டுப் பாருங்க!”

மாட்டிவிட்ட திருப்தியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஷாமளாவின் கண் விரிந்தது. “எந்த வருசம், உமாபதி அங்கிள்? எத்தன அடி?”

“தொண்ணூத்தி ஒம்போது மிஸ். பன்னெண்டு அடி,” என்றான் உமாபதி, திருடன் மாதிரி.

“இப்ப எவ்ளோ ஆழம்னு இந்தப் படமே சொல்லுது. அப்போ இருபத்தஞ்சு வருசத்துல மேல இருந்து எவ்ளோ மண்ணு இறங்கியிருக்குன்னு கணக்குப் போடலாம்! இப்படி தேதியும் ஆழமும் தெரிஞ்ச குழி எங்க கிடைக்கும்? அடுத்த வருசமும் நீங்கதான் முன்னால வரணும்.”

பிள்ளைகள் உமாபதியைச் சூழ்ந்துகொண்டார்கள். படம் பிடிக்கப் போனைத் தூக்கிய ஒரு பெண் திரும்பினாள். “மலை அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நீங்க மறைக்கிறதுல அவர் தெரியல.”

கணேஸ்வரன் தள்ளி நின்றார். பிறகு குனிந்து பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஒன்றில் மட்டும் முட்டை இல்லை. அதை மூடி, உமாபதிக்கென்று பத்திரமாகத் தனியே எடுத்து வைத்தார்.